லைவ் ராக் அடுக்குவது எப்படி? கடல்நீர்த் தொட்டிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர் விளக்கைப் பற்றி மாதக்கணக்கில் படிப்பார். எந்த மீன், எந்தப் பவளம் என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்திருப்பார். பாறை என்று வந்தால் மட்டும் "வரட்டும், பார்த்து அடுக்கிக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுவார். நானும் அப்படித்தான் விட்டேன். என் முதல் தொட்டியில் மணலைக் கொட்டிச் சமப்படுத்தி, அதன் மேல் ஒவ்வொரு கல்லாக வைத்து, பின் கண்ணாடியில் சாய்த்து, ஒரு மணி நேரத்துக்குள் தண்ணீர் மட்டம் வரை சுவர் எழுப்பிவிட்டேன். அன்றைக்குப் பார்க்க நிறைவாகத்தான் இருந்தது.

நான்காம் மாதம் ஒரு ராத்திரி 'டங்' என்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் மேல்வரிசைக் கல் ஒன்று முன் கண்ணாடியில் வந்து சாய்ந்து கிடக்கிறது. மணலைத் தோண்டும் கோபி மீன் அடிக்கல்லுக்குக் கீழே வளை பறித்திருக்கிறது. அது தன் வேலையைத்தான் செய்தது. கல்லை மணல் மேல் வைத்தது நான். நல்லவேளை, கண்ணாடி உடையவில்லை, நீளமாக ஒரு கீறலோடு போயிற்று. சரி, திருப்பி அடுக்கலாம் என்று கற்களை எடுத்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. சுவருக்குப் பின்னால் நான்கு மாதக் கழிவு சேறாகப் படிந்திருந்தது. நைட்ரேட் ஏன் இறங்கவே மாட்டேன் என்கிறது என்று அதுவரை தண்ணீரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

விளக்கு பிடிக்கவில்லையா, மாற்றலாம். பம்ப் பழுதா, வேறு வாங்கலாம். பாறையில் பவளம் ஒட்டி வளர்ந்த பிறகு அதை அசைப்பது, ஆள் குடியிருக்கும்போதே வீட்டின் அஸ்திவாரத்தில் கை வைப்பது மாதிரி. அதனால் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே இதற்கென்று ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

கல்லுக்குள் குடியிருப்பவர்கள்

லைவ் ராக் என்றால் கல்லுக்கு உயிர் இருக்கிறது என்று பொருளில்லை. உயிர்கள் குடியிருக்கும் கல், அவ்வளவுதான். இறந்துபோன பவளங்கள் விட்டுச்சென்ற சுண்ணாம்புக் கூடு அது. உள்ளே தேனடை மாதிரி துளை துளையாக இருக்கும். அந்தத் துளைகளின் சுவரெல்லாம் பாக்டீரியா. மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் வரும் அம்மோனியாவை ஒரு கூட்டம் நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக மாற்றும். இரண்டுக்கும் ஆக்சிஜன் வேண்டும், அதனால் நீர் உரசிச் செல்லும் பரப்பில் இருக்கும். ஆக்சிஜன் எட்டாத உட்பகுதியில் இருக்கும் மூன்றாவது கூட்டம் நைட்ரேட்டை உடைத்து நைட்ரஜன் வாயுவாக வெளியேற்றும். இவர்களோடு சின்னப் புழுக்கள், கடற்பஞ்சுகள், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துள்ளும் கோப்பிபாட் என்ற நுண்ணிய ஓட்டுயிர்கள், கல்லின் மேல் ஊதா நிறத்தில் படரும் கோரலைன் பாசி.

1961-இல் இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், இந்தக் கல்லையும் காற்றுக் குமிழியையும் வைத்தே கடல் உயிர்களை வளர்க்கும் முறையைப் பற்றி எழுதினார். பின்னால் பெர்லின் ஆர்வலர்கள் அதோடு, கழிவை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரைச் சேர்த்துக்கொண்டார்கள். இன்றைக்கும் பலர் பின்பற்றும் 'பெர்லின் முறை' அதுதான்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தத் தொட்டியில் கல்தான் வடிகட்டி. வடிகட்டியைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, கல்லோடு கல்லை நெருக்கி, தண்ணீர் போக வழியில்லாமல் அடைத்துவிட்டால் பாதிக் கல் சும்மா கிடக்கும். கீழே வரும் ஒவ்வொரு படியிலும், எங்கே கல் வைக்கிறோம் என்பதைவிட எங்கே வைக்காமல் விடுகிறோம் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

எவ்வளவு, எந்த மாதிரி

100 லிட்டருக்கு 12 முதல் 24 கிலோ என்பது பழைய கணக்கு. கேலனுக்கு ஒன்று அல்லது இரண்டு பவுண்டு என்று சொல்லி வந்ததன் மறுவடிவம் அது. என் கருத்தில் 24 கிலோ மிக அதிகம். துளைகள் நிறைந்த நல்ல கல்லாக இருந்தால் 100 லிட்டருக்கு 8 முதல் 12 கிலோ போதும். கையில் தூக்கிப் பாருங்கள்: அளவுக்குப் பொருந்தாமல் லேசாக இருந்தால் உள்ளே துளை அதிகம், அதை எடுங்கள். கனமாக, உருண்டையாக, மொழுமொழுவென்று இருப்பதை விடுங்கள்.

உயிரோடு வரும் கல்லா, காய்ந்த கல்லா? இதற்கு ஆளுக்கொரு பதில் உண்டு. உயிர்க்கல்லில் பாக்டீரியா தயாராக இருக்கும், பல்லுயிர் கூடவே வரும். வேண்டாத விருந்தாளிகளும் வருவார்கள். வெளியே எடுத்து நிதானமாக ஒட்டிப் பார்க்கவும் முடியாது. காய்ந்த கல்லை மேசையில் வைத்து ஒரு வாரம்கூட யோசிக்கலாம், உடைக்கலாம், துளை போடலாம். ஆனால் அது முழுமையாக உயிர் பெற மாதங்கள் ஆகும், பாசித் தொல்லையும் நீளும். புதியவருக்கு நான் சொல்வது இரண்டும் கலந்த வழி: கட்டுமானம் முழுவதும் காய்ந்த கல், கூடவே விதை மாதிரி ஒன்றிரண்டு கிலோ உயிர்க்கல்.

காய்ந்த கல் சிலவற்றில் பழைய பாஸ்பேட் ஊறிக் கிடக்கும். ஒரு வாளி ஆர்.ஓ. தண்ணீரில் இரண்டு வாரம் ஊறவைத்து, பிறகு பாஸ்பேட் சோதனை செய்யுங்கள். அளவு ஏறியிருந்தால் தண்ணீரை மாற்றி மறுபடி ஊறவையுங்கள். இதில் அவசரப்பட்டவர்கள்தான் ஆறு மாதம் பச்சைப் பாசியைப் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள்.

கடற்கரையில் கிடக்கும் கல்லை எடுத்து வராதீர்கள். பவளக்கல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களுக்கான அனைத்துலக வணிக ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, பல நாடுகளில் தனிச் சட்டமும் உண்டு. முறையான வழியில் வந்ததையே வாங்குங்கள். தொட்டியில் வளர்த்து எடுத்ததும், சிமெண்ட் போல வார்த்துச் செய்ததும் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன.

வாங்கும்போது ஒரே அளவில் பத்துக் கல் எடுப்பது எல்லோரும் செய்யும் தவறு. அடியில் சமமான முகம் உள்ள பெரிய கல் மூன்று நான்கு, பலகை மாதிரி தட்டையாக இரண்டு, முஷ்டி அளவில் ஐந்தாறு, மிச்சம் பொடிக்கல். இப்படிக் கலந்து எடுத்தால்தான் கட்டுவதற்கு ஏதுவாக இருக்கும்.

கூடவே வரும் விருந்தாளிகள்

உயிர்க்கல் வாங்கினால் நேரே தொட்டிக்குள் போடாதீர்கள். ஹீட்டரும் பம்பும் உள்ள ஒரு டப்பில் உப்புநீர் கலக்கி, இருட்டில் வையுங்கள். பயணத்தில் செத்த உயிர்கள் அழுகும், நாறும். பழைய பிரஷ்ஷால் அவற்றைத் தேய்த்து எடுத்து, வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்து, கல்லில் கடல் வாசம் மட்டும் மிஞ்சும்போது அது தயார். ஒரு வாரத்திலும் முடியலாம், நாலைந்து வாரமும் ஆகலாம்.

அதற்குள் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இரவில் சிவப்பு டார்ச் அடித்தால் நன்றாகத் தெரியும். முள்மயிர்ப் புழுவைப் பார்த்து அலற வேண்டாம். கழிவைத் தின்று சுத்தம் செய்கிற ஜாதி அது. வெறும் கையால் தொட்டால் மட்டும் கண்ணாடி இழை குத்தியது போல எரியும். பழுப்பு நிறத்தில், கண்ணாடி போலத் தெளிந்த உடலோடு சிறு பூ மாதிரி விரிந்திருந்தால் அது ஐப்டேசியா என்ற தொல்லைதரும் கடற்சாமந்தி. அதை நசுக்காதீர்கள், கிள்ளாதீர்கள். விட்ட துண்டு ஒவ்வொன்றும் இன்னொன்றாக முளைக்கும். அந்தக் கல்லை ஒதுக்கி வைப்பதே நல்லது. காலெல்லாம் ரோமமும், கறுப்பு நுனிக் கொடுக்கும் உள்ள நண்டையும் வெளியேற்றுங்கள். இருட்டில் 'டிக், டிக்' என்று சொடக்குச் சத்தம் கேட்டால் சொடக்கு இறாலாக இருக்கலாம், அது பரவாயில்லை. மாண்டிஸ் இறாலாகவும் இருக்கலாம். அது மீனையும் நத்தையையும் தீர்த்துக்கட்டிவிடும். ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.035 அளவுக்கு உப்பேற்றிய நீரில் கல்லை ஒரு நிமிடம் முக்கினால் இப்படிப்பட்டவை பதறி வெளியே குதிக்கும்.

2009-இல் இங்கிலாந்தின் நியூகி நகரில் உள்ள காட்சியகம் ஒன்றில் பவளங்கள் அடிபட்டும் மீன்கள் காயப்பட்டும் வந்தன. காரணம் பிடிபடாமல் கடைசியில் காட்சித் தொட்டியையே கல் கல்லாகப் பிரித்தார்கள். நான்கடி நீளக் கடற்புழு ஒன்று உள்ளே வாழ்ந்துகொண்டிருந்தது. காட்சியகத்துக்கே அந்தக் கதி என்றால் நாம் ஒரு வாரம் உட்கார்ந்து பார்ப்பதில் தப்பே இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. கல்லில் உள்ள பூச்சிகளைக் கொல்லலாம் என்று எந்தக் காரணத்துக்காகவும் அதைக் கொதிக்க வைக்காதீர்கள், கொதிநீரை ஊற்றாதீர்கள். சோவாந்திட் வகைப் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அது ஆவியோடு கலந்து மூச்சில் போய், வீட்டில் இருந்தவர்கள் மொத்தமாக மருத்துவமனைக்குப் போன நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. கல்லைத் தேய்க்கும்போதும் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

மேசை மேல் ஒத்திகை

ஒரு பெரிய அட்டையைத் தொட்டியின் உள் அளவுக்கு வெட்டி மேசையில் போடுங்கள். முன்பக்கம் எது என்று பெரிதாக எழுதுங்கள். நீர் வழியும் பெட்டி, பம்புகள் வரும் இடங்களைக் குறியுங்கள். அடுத்து முன்னாலும் இரு பக்கங்களிலும் 8 செ.மீ., பின்னால் 5 செ.மீ. உள்ளே தள்ளி ஒரு கோடு இழுங்கள். கல் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கண்ணாடியைத் துடைக்கும் காந்தம் போகாது, பின்னால் நீர் ஓடாது.

90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம் உள்ள தொட்டி என்று வைத்துக்கொள்வோம். கோடு போட்டு முடித்தால் 74-க்கு 32 மட்டுமே மிஞ்சும். "இவ்வளவு பெரிய தொட்டியில் இவ்வளவுதானா?" என்று தோன்றும். எல்லோருக்கும் தோன்றும். அந்தக் கட்டத்தையும் முழுதாக நிரப்பிவிடாதீர்கள்.

உயரத்துக்கும் ஒரு வரம்பு வையுங்கள். ஒரு குச்சியில் தொட்டியின் உயரத்தைக் குறித்து, அதில் மூன்றில் இரண்டு பங்கில் ஒரு கோடு போடுங்கள். மிக உயரமான கல் அதற்கு மேல் போக வேண்டாம். இப்போது மேலே வெறிச்சென்று இருக்கிறதே என்று படும். அதன் மேல் பவளம் உட்காரப் போகிறது, அந்தப் பவளம் வளரப் போகிறது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அது எங்கே நிற்கும் என்று கணக்குப் போட்டுத்தான் கல்லை வைக்க வேண்டும்.

வடிவத்தில் புதியவருக்குச் சுலபமானது இரண்டு தீவுகள். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. இரண்டும் ஒரே உயரம் வேண்டாம். நடுவில் உள்ள பள்ளத்தாக்கு தொட்டியின் சரிபாதியில் வராமல் மூன்றில் ஒரு பங்கு தள்ளி வரட்டும். கண் அங்கே போய் நிற்கும், தொட்டியும் ஆழமாகத் தெரியும். பெரிய தீவில் ஒரு வளைவோ, முன்னால் நீட்டிய பலகையோ இருந்தால் அதற்குக் கீழே நிழல் விழும். வெளிச்சம் பிடிக்காத பவளத்துக்கும், கூச்சப்படும் மீனுக்கும் அந்த நிழல் வேண்டும். ராயல் கிராமா போன்ற மீன் அந்தக் கூரையில் தலைகீழாக நீந்திக்கொண்டிருப்பதைப் பார்த்தால் அந்தப் பலகைக்குப் பட்ட பாடெல்லாம் மறந்துபோகும். மறைவிடங்கள் மீன்களின் எண்ணிக்கையைவிட அதிகமாகவே இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல். ஒரே வாசல் உள்ள குகையில் துரத்தப்பட்ட மீன் மாட்டிக்கொள்ளும், கழிவும் தேங்கும்.

சர்ஜன் மீன் மாதிரி ஓயாமல் நீந்தும் மீன் வைக்க எண்ணமிருந்தால், கல்லைச் சுற்றி முழு வட்டமடிக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுக்கியாயிற்றா? கைப்பேசியில் நான்கு பக்கமும் படம் எடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, கண் உயரத்தில் பாருங்கள். தொட்டியை நாம் பெரும்பாலும் உட்கார்ந்துதான் பார்க்கப் போகிறோம். பிறகு அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். மறுநாள் காலையில் எந்தக் கல் கண்ணை உறுத்துகிறதோ, அதை எடுத்துவிடுங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் எடுக்கத்தான் தோன்றும், சேர்க்கத் தோன்றுவதே இல்லை.

உடைப்பதும் ஒட்டுவதும்

கிடைத்த கல்லை அப்படியே வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மடித்த பழைய துண்டின் மேல் கல்லை வைத்து, உளியைத் துளை வரிசையில் ஊன்றி, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் அழகாகப் பிளக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், சில்லு தெறிக்கும். ஒரே குண்டுக் கல் இரண்டு பலகையாகிவிடும். முதல் கல்லை உடைக்கத்தான் மனசு வராது.

ஒரு கல்லின் மேல் இன்னொன்றை வைக்கும்போது அது மூன்று இடத்தில் தொட வேண்டும். அடுப்புக்கு மூன்று கல் வைப்பதும் இதே கணக்குத்தான். தரை எப்படி இருந்தாலும் மூன்றில் நிற்பது ஆடாது. இரண்டில் நின்றால் ஆடும். நான்கில் நிற்பது போலத் தெரிந்தாலும் ஒன்று தூக்கிக்கொண்டிருக்கும். கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் 'கிரக்' என்று பல்லில் பல் பொருந்துவது போல உட்காரும், கைக்கே தெரிந்துவிடும். அங்கே பென்சிலால் இரண்டு கல்லுக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டுவிடுங்கள். பசை தடவும் அவசரத்தில் அந்த இடம் மறந்துபோகும்.

இப்போது வளைவு ஒன்றைக் கட்டுவோம். சமமான அடியுள்ள இரண்டு கல் தூண்கள். மேலே குறுக்காக ஒரு பலகைக் கல். முதலில் ஒட்டாமலே நிற்கிறதா என்று பாருங்கள். ஒட்டாமல் நிற்காததைப் பசை நிறுத்திவிடும் என்று நம்பாதீர்கள். நிற்கிறது என்றால் பலகையை எடுத்துவிட்டு, தொடும் புள்ளிகளில் கெட்டியான ஜெல் வகை சூப்பர் க்ளூவைத் தாராளமாக வையுங்கள். பலகையைக் கோடு பார்த்து உட்கார வைத்து அழுத்துங்கள். இடுக்கில் காய்ந்த பவள மணலைத் தூவி, அதன் மேல் ஓடும் பதத்தில் உள்ள சூப்பர் க்ளூவைச் சொட்டுங்கள். மணலும் பசையும் சேர்ந்து சட்டென்று கல்லாகும், கொஞ்சம் சூடாகிப் புகையும் வரும். முகத்தை மேலே நீட்டாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். மறுபடி மணல், மறுபடி பசை. இப்படி மூன்று நான்கு தடவை செய்தால் இணைப்பு எங்கே என்று வெளியே தெரியாது.

ஈரக் கல்லாக இருந்தால் இது சரிப்படாது. அப்போது இரண்டு பாகமாக வரும் எப்பாக்சி களிமண்ணைப் பிசைந்து உருட்டி, அதன் இரு பக்கமும் ஜெல் பசை தடவி, நடுவில் வைத்து அழுத்தித் திருகுங்கள். எப்பாக்சி இடத்தைப் பிடித்துக்கொள்ளும், பசை ஒட்டிக்கொள்ளும். தண்ணீருக்குள் எப்பாக்சி போட்டால் ஓரிரு நாள் ஸ்கிம்மர் கண்டபடி நுரைக்கும், பயப்பட வேண்டாம்.

நீட்டி நிற்கும் கனமான கல்லுக்குப் பசை மட்டும் போதாது. கான்கிரீட்டுக்குப் போடும் துளைமுனையால் இரு கல்லிலும் மெதுவாகத் துளையிட்டு, 6 மி.மீ. அக்ரிலிக் அல்லது ஃபைபர்கிளாஸ் கம்பியை உள்ளே விட்டு ஒட்டுங்கள். உலோகக் கம்பி எதுவும் வேண்டாம். செம்பு இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொன்றுவிடும். துருப்பிடிக்காத எஃகு என்று விற்பதும் உப்புநீரில் நாளடைவில் துருப்பிடிக்கும்.

ஒட்டும் உற்சாகத்தில் எல்லாவற்றையும் ஒரே மலையாக்கிவிடாதீர்கள். இரண்டு கையால் தூக்கக்கூடிய இரண்டு மூன்று துண்டுகளாக இருக்கட்டும். பின்னால் ஒரு மீனைப் பிடிக்க வேண்டியிருந்தால் ஒரு தீவை மட்டும் தூக்கி வெளியே வைக்கலாம். இன்னொன்று, தொட்டியின் மேல் நடுவில் குறுக்குப் பட்டை இருந்தால் அந்த இடைவெளியை அளந்துகொண்டு கட்டுங்கள். இரண்டு நாள் உழைத்து ஒட்டிய வளைவு பட்டைக்கு உள்ளே நுழையாமல், கண்ணெதிரே மறுபடி உடைத்த ஆள் நான்.

ஒரு நாள் காய்ந்த பிறகு சோதனை. மேல்கல்லைப் பிடித்து முழுத் துண்டையும் மேசையிலிருந்து மெல்லத் தூக்குங்கள். கீழே மெத்தென்று ஏதாவது போட்டுக்கொண்டு தூக்குங்கள், சொல்லிவிட்டேன். அப்புறம் பக்கவாட்டில் ஒரு விரலால் தள்ளுங்கள். ஆடினால் அடியில் முட்டுக் கொடுங்கள். அப்போதும் ஆடினால் உயரத்தைக் குறையுங்கள்.

தொட்டிக்குள் இறக்குவது

மணலுக்கு முன்னால் கல். இதில் பேரமே கிடையாது. கல் நேராகத் தொட்டியின் அடியில் நிற்க வேண்டும். அப்போதுதான் எந்த மீன் எவ்வளவு தோண்டினாலும் கல் இறங்காது. கண்ணாடிக்கும் கல்லுக்கும் இடையே மெல்லிய அக்ரிலிக் தகடோ, கட்டம் கட்டமான பிளாஸ்டிக் வலைத்தகடோ போட்டால் கூர்முனை ஒரே புள்ளியில் அழுத்தாது. தகடு கல்லின் அடியளவுக்கு இருந்தால் போதும்.

கல் நின்ற பிறகு மணலைச் சுற்றிப் பரப்புங்கள், 3 முதல் 5 செ.மீ. போதும். மணலில் புதைந்து தூங்கும் ராஸ் வகை மீன் வைக்கப் போகிறீர்கள் என்றால் 5 செ.மீ. வேண்டும். மணல் மேல் ஒரு தட்டை வைத்து அதன் மேல் உப்புநீரை ஊற்றினால் குழி விழாது. நீர் ஏற்கெனவே கலக்கியதாக இருக்கட்டும்: உப்பளவு ஆயிரத்துக்கு 35, ஒப்படர்த்தியில் ஏறக்குறைய 1.026, வெப்பம் 25 முதல் 26 டிகிரி. உயிர்க்கல்லை நீர் நிறைந்த தொட்டியில் இறக்குவதானால் முதலில் முழுக்க நிரப்பாதீர்கள். 10 கிலோ கல் நாலைந்து லிட்டரை வெளியே தள்ளும், தரைதான் நனையும்.

காய்ந்த கல்லிலிருந்து ஓரிரு நாள் குமிழ் வந்துகொண்டே இருக்கும். உள்ளே இருந்த காற்றுத்தான்.

அடுத்தது சைக்கிள், அதாவது கல்லில் பாக்டீரியாவை வளர்த்தெடுக்கும் காலம். அம்மோனியாவை லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்குச் சேர்த்து, சோதித்துக்கொண்டே வாருங்கள். சேர்த்த அம்மோனியா 24 மணி நேரத்துக்குள் பூஜ்யமாகி, நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நின்றால் கல் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. காய்ந்த கல்லுக்கு நாலைந்து வாரம் ஆகும். அதுவரை விளக்கைப் போட வேண்டாம். பாசிக்கு மட்டும்தான் அது உதவும்.

நீர் எங்கே தேங்குகிறது

மீன் விடும் முன் செய்ய வேண்டிய வேலை இது. பொடித்தீனியில் ஒரு சிட்டிகையைத் தொட்டி நீரில் கரைத்து, பெரிய சிரிஞ்சில் எடுத்து, கல்லுக்குப் பின்னாலும் வளைவுக்குக் கீழேயும் இரு தீவுகளுக்கு நடுவிலும் மெல்லப் பீய்ச்சுங்கள். துகள் எங்கே ஓடுகிறது, எங்கே சுற்றிச் சுற்றி வந்து படிகிறது என்று பாருங்கள். படியும் இடத்தில்தான் நாளைக்குச் சேறு சேரும். முதலில் பவர்ஹெட்டை (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) திருப்பிப் பாருங்கள், இரண்டு எதிரெதிராக இருந்தால் நல்லது. அதிலும் தீராவிட்டால் கல்லைத் திருப்புங்கள். மென்பவளங்களுக்குத் தொட்டி நீரைப் போல மணிக்கு 10 முதல் 20 மடங்கு ஓட்டம் போதும்; அக்ரோபோரா போன்ற கல்பவளங்களுக்கு அதைப்போல் இரண்டு மடங்காவது வேண்டும். 200 லிட்டர் தொட்டியில் 20 மடங்கு என்றால் பம்புகள் எல்லாம் சேர்ந்து மணிக்கு 4,000 லிட்டர்.

யாருக்கு எந்த மாடி

கல்லின் உச்சி, வெளிச்சமும் ஓட்டமும் அதிகமுள்ள இடம், அக்ரோபோராவுக்கும் மான்டிபோராவுக்கும். நடுமாடி ஹேம்மர், டார்ச் போன்ற யூஃபிலியாக்களுக்கு. இவை இரவில் நீண்ட கொட்டும் கரங்களை வெளியே விடும், சுற்றிலும் 15 செ.மீ. தூரத்துக்குள் வேறு ஜாதியை வைக்காதீர்கள். கேலக்ஸியா பவளத்தின் கை இன்னும் நீளம். நிழல் விழும் கீழ்ப்பகுதி காளான் பவளங்களுக்கு. ஃபங்கியா, டிராக்கிஃபிலியா இரண்டும் மணலில்தான் இருக்க வேண்டும், கல்லின் மேல் ஏற்றினால் சதை கிழியும்.

பச்சை நட்சத்திரப் பாலிப், சீனியா இரண்டையும் எல்லோரும் ஆசையாக வாங்குவார்கள். புல் மாதிரி படர்ந்து எல்லாவற்றையும் மூடிவிடும். இவற்றுக்கு என்றே முக்கியத் தீவுகளைத் தொடாமல், மணலில் தனியாக ஒரு கல்லை வைத்துவிடுங்கள். ஒருமுறை பெரிய கல்லில் ஏறிவிட்டால் இறக்குவது நடக்காத காரியம்.

பவளத் துண்டு ஒட்டிவரும் சின்ன அடிக்கட்டையின் (பிளக்) தண்டு நுழையும் அளவுக்கு, காய்ந்த கல்லாக இருக்கும்போதே அங்கங்கே சில துளைகள் போட்டு வைத்தால் பின்னால் பசையே வேண்டாம்.

முதல் ஆறு மாதம்

வெள்ளை வெளேரென்ற உங்கள் கல் அசிங்கமாகப் போகிறது. முதலில் பழுப்பு நிறத்தில் டயாட்டம் என்ற நுண்பாசி, பிறகு பச்சை முடி மாதிரி பாசி, இடையில் சிவப்பு ஜவ்வு போல சயனோபாக்டீரியா. இது கட்டாயம் வரும், போகும். இதைப் பார்த்து வெறுத்துப்போய்க் கல்லை வெளியே எடுத்து நல்ல தண்ணீரில் கழுவிவிட்டால், சிரமப்பட்டு வளர்ந்த பாக்டீரியாவில் பாதி போய்விடும், மறுபடி முதலிலிருந்து. நத்தைகளை விடுங்கள், பாசியைக் கையால் பிடுங்குங்கள், தீனியைக் குறையுங்கள். வாராவாரம் தண்ணீர் மாற்றும் முன் அதே பெரிய சிரிஞ்சால் கல்லின் இடுக்குகளில் நீரைப் பீய்ச்சி, கிளம்பும் கழிவை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். காரத்தன்மை 8 முதல் 9 டிகேஹெச், கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், மெக்னீசியம் 1,250 முதல் 1,350 மில்லிகிராம் என்று நிலையாக நின்றால், உயிர்க்கல்லிலிருந்து கோரலைன் பாசி ஊதாப் புள்ளிகளாகப் பரவத் தொடங்கும். முதல் புள்ளி பெரும்பாலும் கல்லில் தெரியாது. பம்பின் பிளாஸ்டிக்கிலோ பின் கண்ணாடியிலோதான் கண்ணில் படும்.

முதல் பவளத்தை நிரந்தரமாக ஒட்டும் அன்றைக்கு, கையில் பசையை எடுப்பதற்கு முன் காந்தத் துடைப்பானை எல்லாக் கண்ணாடியிலும் மேலிருந்து கீழ் வரை ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். எங்கேயாவது கல்லில் இடித்தால் அந்தத் தீவை இரண்டு விரல் உள்ளே தள்ளுங்கள். பவளத்தை மறுநாள் ஒட்டிக்கொள்ளலாம்.